அலைநெட்டின் நியாய விலை

ஜெயகணேஷ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மொத்தமும் போச்சு அண்ணாச்சி. என்கிட்ட இருக்கதெல்லாம் அந்த அலைநெட் கம்பெனிப் பங்குதான். அது இப்ப வெறும் குப்பை."

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் கயிற்றுக் கடை மாடியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயகணேஷும் அவன் மனைவி இந்துமதியும் பிரிவது என்று முடிவாகிவிட்டது. மகளின் படிப்புக்கு அவன் என்ன தருவான் என்பதில்தான் இழுபறி. கோர்ட்டுக்குப் போகுமுன், சொந்தத்தில் மூத்தவரான அண்ணாச்சியிடம் பேசித் தீர்த்துக்கொள்ள வந்திருந்தார்கள்.

"நேத்து சந்தையில நானூத்திப் பத்து ரூவாய்ல முடிஞ்சிருக்கு. குப்பைன்னா எப்படிடே?" என்றார் அண்ணாச்சி.

கயிறு விற்கிறவர் பேப்பரில் வியாபாரப் பக்கமெல்லாம் படிக்கிறாரே என்று ஜெயகணேஷுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, சந்தை விலை வேறு, நியாய விலை வேறு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினான். இனி வரும் வருடங்களில் கம்பெனி சம்பாதிக்கப்போவதைக் கணக்கிட்டு, அதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். அமெரிக்க ஆர்டர்கள் நின்றுவிட்டன, வளர்ச்சி பூஜ்யம். அப்படிப் பார்த்தால் பங்கு அறுபது ரூபாய்கூடத் தேறாது. ஆகவே மகளுக்கு மாதம் நாலாயிரத்துக்கு மேல் தன்னால் ஆகாது.

அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே அறுபதுதானா என்று கேட்டார். நிஜமாகவேதான் என்றான்.

இந்துமதி குரலை உயர்த்தவில்லை. போன வாரம் யூடியூபில் இதே பங்குக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்தான் நியாய விலை என்று நாற்பதாயிரம் பேருக்கு இவர் பாடம் நடத்தினார் என்றாள். சந்தை விழும்போது வாங்குகிறவன்தான் புத்திசாலி என்றும் சொன்னாராம். "கணக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி. வளர்ச்சியை அங்க இருபது சதவீதம்னு போட்டாவ. இங்க பூஜ்யம்னு போடுதாவ."

"அது ஊருக்குச் சொல்லுதது," என்றான் அவன்.

அண்ணாச்சி, கீழே ஒரு கண்டெய்னர் லாரி கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, பாவம், அவனுக்கும் இந்தக் கணக்கு பிடிபடவில்லை போல, விலை உச்சத்தில் வாங்கி மாட்டிக்கொண்ட அப்பாவிதான் என்று இரக்கப்பட்டார்.

ஏழை என்ற பெயரை ஜெயகணேஷால் தாங்க முடிந்தது. அப்பாவி என்ற பெயரைத் தாங்க முடியவில்லை.

"நான் என்ன கிறுக்கனா? ஜனவரியிலேயே ஆயிரத்து முந்நூறுக்கு அம்புட்டையும் வித்துக் காசாக்கிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் இந்துமதி நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தான்.

"ஜனவரியிலதான யூடியூப்ல எல்லாரையும் வாங்கச் சொன்னிய?" என்றாள் அவள்.

"வாங்க ஆள் இருந்தாத்தான விக்க முடியும்?"

அதற்குமேல் அண்ணாச்சி எதையும் கேட்கவில்லை. மகள் கல்லூரி முடிக்கும்வரை முழுச் செலவும் அவனுடையது, முன்பணத்தை இந்த வாரமே வங்கியில் போட வேண்டும் என்றார். மாட்டேன் என்றால் இங்கே அவன் வாயால் சொன்னதை, தானே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வதாகவும் சொன்னார்.

ஜெயகணேஷுக்கு முகம் வெளிறிவிட்டது. நடுவராக உட்கார்ந்தவர் ஒரு பக்கமாகச் சாயலாமா, தன்மேல் அவருக்கு அப்படி என்ன கோபம் என்று கேட்டான்.

அண்ணாச்சி அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஜனவரியில வாங்குனது நான்தாம்ல."