எட்டாம் அத்தியாயம்

"எட்டாம் அத்தியாயம் மட்டும் போதும்மா. அந்த அம்மா சாவறது வருதில்ல, அது."

ஜெராக்ஸ் மிஷினில் தாள் அடுக்கிக்கொண்டிருந்த பிரியதர்ஷினியின் கை அப்படியே நின்றது. மதகடிப்பட்டு கூட்டுரோட்டில் அவள் வேலை பார்க்கும் இந்தக் கடைக்கு ஆதார் நகல் எடுக்கத்தான் ஆள் வரும். செல்போன் செயலியில் அவள் எழுதும் தொடர்கதையைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை.

வந்தவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் காசம்மாள், சுத்துக்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கரும்பு வெட்டுக்குப் போகிறவள் என்பது கையெல்லாம் சோகை இலை கிழித்திருந்த கோடுகளிலேயே தெரிந்தது. படிக்கத் தெரியாதாம். கூட வேலை செய்யும் ஜோஸ்பின்தான் சாப்பாட்டு வேளையில் கதையை வாசித்துக் காட்டுவாளாம். எழுதுவது இந்தக் கடைப் பெண் என்று விசாரித்துச் சொன்னதும் அவள்தானாம்.

பிரியதர்ஷினியின் கதாநாயகன் கற்பனை ஆள் இல்லை. டிவி தொடரில் பேர் வாங்கி, இப்போது சினிமாவுக்குப் போய்விட்ட ரிஷ்வா. அவன் பேரிலேயே, அவன் படத்தை முகப்பில் போட்டே எழுதினாள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு நம் இஷ்டத்துக்கு ஒரு வாழ்க்கையை எழுதலாமா என்று தோழி சுகன்யா ஒருமுறை கேட்டாள். 'முழுக்கக் கற்பனை' என்று மேலே ஒரு வரி போட்டிருக்கிறேனே, அப்புறம் என்ன என்று பிரியதர்ஷினி அவள் வாயை அடைத்துவிட்டாள்.

தனக்கு அம்மா இல்லை, சின்ன வயதிலேயே போய்விட்டார் என்று ரிஷ்வா பேட்டிகளில் சொல்வதுண்டு. எப்படி என்று சொன்னதில்லை. அதைப் பிரியதர்ஷினி எழுதினாள். மஞ்சள் காமாலை, அரசு ஆஸ்பத்திரி வராந்தா, பத்து வயதுப் பையன். அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான், நாற்பதாயிரம் பேர்.

போன மாதம் ஒரு நடிகையைப் பற்றி எழுதிய பெண்ணுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததாக அந்தச் செயலியில் பேசிக்கொண்டார்கள். இந்தக் காசம்மாள் இதை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாள்?

எதற்கு என்று கேட்டுப் பார்த்தாள். வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் என்றாள் காசம்மாள். யாராவது அனுப்பினார்களா என்றதற்கு இல்லை என்று தலையாட்டினாள். பிறகு தயங்கித் தயங்கி, கதையில் ஒரு தப்பு இருக்கிறது என்றாள்.

"அவன் கத்திரிக்கா கொழம்பு கேட்டுக் கேட்டுச் சாப்ட்டான்னு எழுதிக்கிற. அவனுக்குக் கத்திரிக்கா ஆவாதும்மா. மேலெல்லாம் தடிச்சிப்பூடும்."

எந்தப் பேட்டியில் சொன்னானோ, பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று பிரியதர்ஷினி நினைத்துக்கொண்டாள். திருத்திவிடுகிறேன் என்று சொல்லி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். ஏழு பக்கம் வந்தது. காசம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, அந்த அம்மா சாகிறது எந்தப் பக்கம் என்று கேட்டாள். பிரியதர்ஷினி தொட்டுக் காட்டியதும் அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து மேலே வைத்துக்கொண்டாள்.

"அவரோட அம்மாவை உங்களுக்குத் தெரியுமாம்மா?"

காசம்மாள் கட்டைப்பையிலிருந்து பழைய பள்ளிக்கூட அடையாள அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பத்தாம் வகுப்பு, இருசப்பன். பெயர்தான் வேறு. இடது புருவத்தில் வெட்டு விழுந்த அந்த முகத்தைப் பிரியதர்ஷினி எத்தனை இரவு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள்! தாயார் பெயர் என்ற இடத்தில் காசம்மாள் என்று இருந்தது.

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் அவள் சொன்னாள். சென்னைக்குப் போன புதிதில் இரண்டு பொங்கலுக்கு வந்தானாம். தொடரில் நடிக்க ஆரம்பித்ததும் போன் நம்பர் மாறிவிட்டது. ஒருமுறை இவளே ஷூட்டிங் நடக்கிற இடத்துக்குத் தேடிப் போயிருக்கிறாள். எங்க ஊர்க்காரம்மா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டானாம். அதற்குப் பிறகு சொந்த ஊரில் இருக்கப் பிடிக்காமல் சுத்துக்கேணிக்கு அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். இங்கே ஜோஸ்பினைத் தவிர யாருக்கும் தெரியாது.

"நான் செத்துப்போற எடத்துல ஜோஸ்பின் படிக்கிறத நிறுத்திட்டா. நான்தான் பரவால்ல படின்னேன்."

நாற்பதாயிரம் பேர் யார் சாவைப் படித்தார்களோ, அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இல்லன்னு அவர்தான்மா சொன்னாரு. நீங்க இருக்கீங்கன்னு எனக்கு..." பிரியதர்ஷினி போனை எடுத்து, எட்டாம் அத்தியாயத்தைத் திறந்து, இந்த நிமிஷமே அழித்துவிடுகிறேன் என்றாள்.

காசம்மாள் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சிடாத கண்ணு. அவன் எனக்காக அழுதது அதுல மட்டுந்தான்."