பச்சை வாளியின் அடியில்

மாடிப்படியின் பாதியில் அவளுக்குக் கால் நின்றுவிட்டது.

மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கணவன் சொன்னது அப்படி. மெல்லத்தான் சொன்னான். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"முட்டை ஓடு மக்குற குப்பைதான? பால் வாங்கப் போறப்ப பச்சை வாளியில போட்டுட்டேன்."

குப்பையைப் பிரிக்கக் கற்றுக்கொண்டவன் வீடு யாருடையது என்பதை மறந்துவிட்டான். மக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

பச்சை வாளி கீழே கேட்டருகே இருந்தது. ஒரு கதவு எண்ணுக்கு ஒரு வாளிதான் எடுப்பார்கள். மாடிவீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான்.

கீழ்வீட்டில் வீட்டுக்கார ஆச்சி. சுத்த சைவம். வீடு பார்க்க வந்த அன்று வாடகையைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னாள். இதற்கு முன் மாடியில் இருந்தவர்கள் ஒருநாள் கருவாடு வறுத்தார்கள். அந்த மாதமே சாமான் கீழே இறங்கிவிட்டது.

இவளும் தலையை ஆட்டித்தான் வீட்டுக்குள் வந்தாள். ஆட்டியபோது அது பொய்யில்லை. அப்போது வயிற்றில் பிள்ளை இல்லை.

பிறகு டாக்டரம்மா திட்டினார். உடம்பில் சத்தே இல்லை, தினமும் முட்டை சாப்பிட்டே ஆகவேண்டும் என்றார்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவித்தாள். ஓடுகளைத் தாளில் பொதிந்து கைப்பையில் வைத்துக்கொண்டு போய், வேலைக்குப் போகிற வழியில் டீக்கடைக் கூடையில் போட்டாள். எதையோ திருடிக்கொண்டு போவதுபோல நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இப்போது ஏழாவது மாதம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வீடு மாற்றக் கூடாது என்பார்கள். மாற்றத் துணிந்தாலும் இந்த வயிற்றோடு போய் எந்த வாசலில் நிற்பது?

கீழே வாளிக்குப் பக்கத்தில் ஆச்சி செம்பருத்தியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

வெட்டிய கொப்புகளை வாளியில் போட்டாள். நேற்றைய பூசைப் பூவைப் போட்டாள். வாழைக்காய்த் தோலைப் போட்டாள். ஓடு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. சாமியே ஆச்சி ரூபத்தில் வந்து மூடுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

கொப்புகள் அடங்கவில்லை. ஆச்சி கையை உள்ளே விட்டு அமுக்கினாள்.

ஏதோ நொறுங்கியது.

சருகாகவும் இருக்கலாம்.

ஆச்சி கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

படியில் நின்றவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. வாளியை வண்டியில் கவிழ்ப்பார்கள்.

கவிழ்த்தால் அடி மேலே வரும்.

தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது.

இறங்கினாள். ஓடக் கூடாது. அவசரம் தெரியவும் கூடாது. தானே கொண்டுபோய்த் தானே கொட்டிவிட்டால் போதும். வாளியின் பிடியில் கை வைத்தாள்.

ஆச்சி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"வயித்துப்பிள்ளைக்காரி வாளி தூக்கலாமா? தள்ளு."

பாசம்தான். பெற்ற அம்மாகூட அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. அந்தப் பாசத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

வண்டி வந்து நின்றது. குப்பை எடுக்கும் பேச்சித்தாய் இறங்கினாள். எதிர்வீட்டுக் குற்றாலிங்கம் சாரும் தன் வாளியோடு வந்தார். கோயிலில் ஆச்சியோடு தேவாரம் படிக்கிறவர். ஊருக்குத் தண்டோரா போட அவர் ஒருவர் போதும்.

மாடியில் கணவனின் தலை சுவருக்குப் பின்னால் மறைந்தது.

பேச்சித்தாய் வாளியை வாங்கிக் கவிழ்த்தாள்.

அடியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பச்சைக்கு மேல் வெள்ளை. உடைந்தும் உடையாமலும் நாலு துண்டு, இலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது.

ஆச்சி பார்த்தாள்.

பேச்சித்தாய் ஓடுகளைப் பார்க்கவில்லை. ஆச்சியின் முகத்தைத்தான் பார்த்தாள். அந்த வாளியில் முட்டை ஓடு என்பது பேச்சித்தாய்க்கு அதிசயமாக இருந்ததாகத் தெரியவில்லை.

குற்றாலிங்கம் சார் வண்டியை நெருங்கினார். அதற்குள் ஆச்சி சுவரோரம் கிடந்த பெரிய கொப்பு ஒன்றை எடுத்து ஓடுகளின் மேல் போட்டாள். உள்ளங்கையால் அழுத்தவும் செய்தாள். சாரின் வாளி அதன்மேல் கவிழ்ந்தது.

வண்டி பாட்டோடு நகர்ந்தது. தெரு காலியாயிற்று.

ஆச்சி வாளியைக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். இவள் பின்னாலேயே போய் நின்றாள். வீட்டைக் காலி பண்ணு என்ற சொல்லுக்காகக் காத்து நின்றாள். காலைப் பிடித்துக் கெஞ்சுவதானாலும் குனிய முடியாது.

ஆச்சி திரும்பவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள்.

"வண்டி வந்த பெறவு போடு தாயி. எல்லாத்துக்கும் மேல போடணும். கவுத்துனா அடிக்குப் போயிரும்லா."

வாளி எப்போதோ சுத்தமாகிவிட்டது. ஆச்சி அதையே கழுவிக்கொண்டிருந்தாள்.