கூடுதலாக ஒன்பது

காது கேட்கவில்லை என்று சான்றிதழ் வாங்குவதற்காக அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன்.

பெட்டி என்றால் ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய அறை. முன்பக்கம் கண்ணாடி, மற்றச் சுவரெல்லாம் தடித்த பஞ்சு. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பதுதான் என் திட்டம். எனக்கு உருப்படியாகச் செய்யத் தெரிந்த ஒரே காரியமும் அதுதான் என்று நம்பியிருந்தேன்.

இருபத்திரண்டு வருடமாக ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்கிற வேலை. நான் சேர்ந்தபோது எங்கள் வானத்தை மூன்று துண்டாகப் பிரித்திருந்தார்கள். இப்போது ஏழு. இரண்டாவது ஓடுபாதை வந்துவிட்டது. மூன்றாவதற்கு மண் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து ஊர்கள் இரண்டிலும் புது விமான நிலையம். எல்லாம் பெருகியது, நாற்காலியில் உட்காருகிற ஆட்களைத் தவிர.

முன்பெல்லாம் என் திரையில் ஒரே நேரத்தில் எட்டுப் புள்ளிகள் நகரும். இப்போது பதினேழு. என்றாவது ஒரு நாள் இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும், அது என் நாற்காலியில்தான் நடக்கும் என்ற பயம் ஆறு மாதமாக என்னை விடவில்லை.

பயிற்சிப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். அங்கே பாடம் எடுக்கலாம். தப்பாகச் சொன்னாலும் யார் தலையிலும் எதுவும் விழாது. ‘விரிவாக்கம் முடியட்டும்’ என்று மூன்று முறையும் ஒரே பதில். பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். நான் ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதியிருந்தேன். பயத்தை ஒப்புக்கொள்ளவும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

மிச்சமிருந்தது வருடாந்தர மருத்துவப் பரிசோதனை. காதில் தேறாதவனை ரேடார் அறைக்குள் விடமாட்டார்கள்.

மனைவிக்கு யோசனை பிடித்திருந்தது. “உங்களுக்கு இது ஒரு கஷ்டமா? வீட்டுல எப்படி இருக்கீங்களோ, அப்படியே அங்கயும் இருங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பரிசோதனை செய்கிற பெண் தலையசைத்தாள்.

முதல் சத்தம் வந்தது. மெல்லிய ஒரு ‘கூ’.

அழுத்திவிட்டேன்.

நான் அழுத்தவில்லை, கட்டைவிரல் அழுத்தியது. கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது என்பதைத் தவிர அந்த விரலுக்கு வேறு எதுவும் தெரியாது.

இரண்டாவதற்கும் அழுத்தியது. பொத்தானை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். இடது கை அதைவிட அவசரக்குடுக்கை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. சத்தம் குறையக் குறைய எனக்கு வீம்பு வந்துவிட்டது. இதையும் பிடிக்கிறேன் பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். தோற்க வந்தவன் என்பதே மறந்துபோயிற்று. நூலிழை மாதிரி வந்ததைக்கூட விடவில்லை. அழுத்தித் தள்ளினேன்.

கதவு திறந்தது. அவள் கையில் ஒரு தாள் இருந்தது.

“சார், கடைசி ரெண்டு நிமிஷம் நான் சத்தமே வைக்கல. சும்மா அழுத்தறீங்களான்னு பாக்கறதுக்காக நிறுத்தி வெச்சிருந்தேன். ஒன்பது தடவை அழுத்தியிருக்கீங்க.”

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தேன்.

நான் எதற்காக வந்தேனோ அது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்புகிற மனிதனாகிவிடலாம்.

“மெஷினை ஒரு தடவை செக் பண்ணுங்கம்மா,” என்றேன். “எனக்குத் தெளிவாக் கேட்டுது.”

“மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. இந்த வாரம் உங்க ரூம்லருந்து வந்த பதினோரு பேரும் இப்படித்தான். பயந்துபோய் டாக்டர்கிட்ட சொன்னேன். கேக்கறதை விட்டாத்தான் தப்பு, கூட அழுத்தினா தப்பில்லைன்னுட்டார். இருக்கற ஆளையும் நிறுத்தற நேரமா இதுன்னு எனக்குத்தான் திட்டு.”

‘தகுதி’ என்று முத்திரை குத்தினாள். அதற்குக் கீழே, ‘கேட்கும் திறன்: மிக நன்று’ என்று எழுதினாள். அதைப் படித்தபோது ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்லாமல் மறைத்தால் நான் கொஞ்சம் யோக்கியனாகத் தெரிவேன்.

மதியம் இரண்டு மணிக்கு எனக்கு வேலை.

தாளை நீட்டியவள் கையை எடுக்காமல் தயங்கினாள். “தப்பா நெனைக்காதீங்க சார். அப்படி என்னதான் கேட்டுது? யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.”

நானும் சொல்லவில்லை. தாளை வாங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக நான்காக மடித்தேன்.

அந்தக் கடைசி இரண்டு நிமிடமும் இறங்க அனுமதி கேட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக. அதில் ஒருவர் குரலில் பதற்றம் இருந்தது. அவரை முதலில் விட்டேன்.

ஒன்பது பேரையும் நல்ல இடைவெளி கொடுத்துத்தான் இறக்கினேன்.