பழைய மூளை

பவர் பட்டனை அழுத்தியதும் விசிறி ஒருமுறை பெருமூச்சு விட்டது. நீல விளக்கு கண்ணைத் திறந்து மனிஷாவைப் பார்த்தது. மூடிக்கொண்டது.

பதினோராவது தடவை.

வாசல் வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓவேலியில் ஆடி மாதத்து மேகத்துக்குக் கதவு என்றால் என்னவென்றே தெரியாது. தேயிலைத் தோட்ட லயத்து ஒற்றை அறையில் அடுப்பு கரைந்தது, கட்டில் கரைந்தது. அவளும் திறந்து கிடந்த லேப்டாப்பும் மட்டும் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

பதினொன்றரைக்கு ஆன்லைன் தேர்வு. பெங்களூர் கம்பெனி. போனில் எழுத முடியாது. லேப்டாப்பிலும் இன்ன பிராசசருக்குக் கீழே இருந்தால் தேர்வே திறக்காது என்று மெயில் போட்டிருந்தான். லயத்தில் பிறந்தவள் எந்த பிராசசர் வைத்திருப்பாள் என்று அவனுக்கு என்ன கவலை.

கூடலூரில் ஏதோ பழைய லேப்டாப்பை உடைத்து எடுத்த பிராசசர் ஒன்றை வாங்கிவந்து, நேற்றுச் சாயங்காலம் வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவளே மாற்றிவிட்டாள். ஆம்பளைத் துணை வேண்டாமா என்று கேட்ட கடைக்காரனிடம், ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, போதும் என்றுவிட்டு வந்திருந்தாள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். ராமைத் துடைத்து மாட்டினாள். முப்பது எண்ணும்வரை பட்டனை அழுத்திப் பிடித்தாள். கனவில் கத்தினால் சத்தம் வராதே, அதைப்போல.

ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில் நின்று போனில் தேடினாள். எவனோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தான். புதியதை அந்த லேப்டாப்புக்கு அடையாளம் தெரியாது. பழையதையே திரும்ப மாட்டி, உள்ளே ஒரு அப்டேட் போட்டு, பிறகுதான் புதியதை வைக்க வேண்டும். அரைமணி வேலை.

பழையதை முருகன் படத்துக்குக் கீழே பவுடர் டப்பா மூடியில் வைத்திருந்தாள்.

மூடி மட்டும் இருந்தது.

எலிக்கு எதற்கு பிராசசர். அம்மாதான்.

நேற்று அதைக் கழற்றும்போது அம்மா கருப்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சைத் தோலால் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக இதே கூத்து. எலுமிச்சை, சாம்பல், தேங்காய் எண்ணெய். கலெக்டருக்குக் கை கொடுக்கப் போகிறாயா என்றுகூட மனிஷா கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல், உன் கையில் இருப்பது என்னது என்று கேட்டாள் அம்மா.

இது லேப்டாப்போட மூளை, நாலு வருஷம் என்னைப் படிக்க வைத்தது, இந்த வீட்டில் என்னைத் தெரிந்தது இது ஒன்றுதான் என்று வெடுக்கென்று சொன்னாள் மனிஷா.

"அதுக்கு என்னையும் தெரியுமா புள்ள?"

தினமும் துடைத்து வைப்பது யாராம், தெரியாமல் இருக்குமா என்றாள். சிரிக்காமல் சொன்னதுதான் தப்பு.

மனிஷா செருப்பைத் தேடாமல் வெளியே ஓடினாள். இந்தப் பத்து நாளில் ஆறு நாள், காலைப் பெரட்டுக்குப் போன வேகத்தில் தலைசுற்றல் என்று திரும்பிவந்து படுத்துக்கொண்ட அம்மா, இன்றைக்குப் பார்த்து வேலைக்குப் போயிருக்கிறாள். ஆள் கூடிக் கணக்குக் கொடுக்கும் பெரட்டுக்களம் காலியாகக் கிடந்தது. புதிதாக வைத்திருந்த கைரேகை மெஷின் மட்டும் மேகத்துக்குள் சிவப்பாக ஒரு புள்ளி மினுக்கியது. அதைத் தாண்டி ஏழாம் நம்பர் காட்டுக்கு ஏறினாள்.

மேலே தேயிலையும் இல்லை, மலையும் இல்லை. வெள்ளைக்குள் தலைகளும் கூடைகளும் மட்டும் மிதந்தன. பட்டதாரி அம்மாவுக்குக் கொழுந்து பறிக்க ஆசை வந்துவிட்டதா என்றது ஒரு குரல். சிரித்தார்கள். முகங்களில்லாத சிரிப்பு.

அம்மா வெள்ளையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டு வந்தாள்.

மனிஷா வாய்க்கு வந்தபடி திட்டினாள். அறிவிருக்கா என்றாள். பரீட்சை போச்சு என்றாள். உன்னை மாதிரி கூடை தூக்கியே நானும் சாகணுமா என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

கருப்பம்மா இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவை விலக்கி, சேலைச் செருகலை அவிழ்த்து, ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள்.

உள்ளே பஞ்சுப் படுக்கை. அதில் பிராசசர். அத்தனை நூறு தங்க ஊசிகளில் ஒன்றுகூட வளையவில்லை. முதுகில் ஒரு பொட்டுக் குங்குமம். பெட்டி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

மணி பத்தாகவில்லை. ஓடினால் போதும். திரும்பியவளின் மணிக்கட்டை அம்மா பிடித்தாள்.

"வேல முடிஞ்சதும் கொண்டாந்து குடு புள்ள. சாயந்தரம் கொழுந்து எட போட்டதும் திரும்ப அந்த மெஷினுல வெரலு வைக்கணும். ஆறு நாளு யாருன்னே தெரியலன்னு வெரட்டுச்சு. இத கையில வச்சுக்கிட்டு நின்னேன், இன்னைக்கு மொத தடவையே பச்ச லைட்டு போட்டுச்சு."

மணிக்கட்டின் மேலிருந்த கட்டைவிரலை மனிஷா பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, தேய்ந்து, கூழாங்கல்போல வழவழவென்றிருந்தது. ரேகை என்று ஒரு கோடுகூட இல்லை.

அது அப்படியெல்லாம் வேலை செய்யாது என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

எடை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.