ராணியின் ரத்தம்

“யாருன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர் சாப். தலை வேற, முண்டம் வேற ஆக்கிட்டு நேரா ஜெயிலுக்குப் போறேன்.”

“முதல்ல மேஜையிலேர்ந்து அந்தக் கத்திய எடுங்க, துரைசாமி. ரத்தம் எடுக்கணும்.”

துரைசாமி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினான். “கழுத்தை அமுக்கிப் பிடிடி! கடிச்சதுன்னு கைய விட்ட, உன் பல்லு போயிரும்.”

மங்கையர்க்கரசி பூனையை அமுக்கிப் பிடித்தாள். அவள் கையில் இருந்த தழும்புகள் பூனை கீறியவை அல்ல என்று பத்துபஸ்திக் குடியிருப்பு முழுக்கத் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை. கால்நடை டாக்டர் இராமகிருஷ்ணனும் பூனையை மட்டும் பார்த்து, ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார்.

மெயின்லேண்டிலிருந்து கூடையில் வைத்துக் கப்பலேற்றி இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த பூனை ராணி. இப்போது காதெல்லாம் மஞ்சள் பாய்ந்து சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே துரைசாமிக்குச் சில வாரமாகச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு மண்டல்தான் விஷம் வைத்தான் என்று காலையிலேயே அவன் முடிவு கட்டிவிட்டான். கோழிக்குஞ்சைத் துரத்தியதற்காக ராணிமேல் கல்லெறிந்தவன் அவன்தானே? மண்டலின் முன்பல் அப்போதே வாசலில் தெறித்தது. மிச்சத்தை டாக்டர் சொன்னபிறகு முடிப்பதாக இருந்தான்.

குழாயில் ரத்தம் உறைந்து, மேலே பிரிந்து நின்ற நீர் மஞ்சள் கரைத்ததுபோல் இருந்தது. டாக்டர் அதில் மருந்தைச் சொட்டினார். நிறம் சிவந்தது.

“ஈரல் கெட்டுப்போச்சு. பித்தம் ரத்தத்துல ஏறியிருக்கு.”

“விஷம்தானே? அந்த மண்டல் சாலா...”

“விஷமாவும் இருக்கலாம். ஆனா ஒரே நாள்ல வச்சதில்ல. கொஞ்சம் கொஞ்சமா ரொம்ப நாளா உள்ள போயிருக்கு. வெளிய எங்கெல்லாம் சாப்பிடும்?”

“வெளியவா? என் ராணியா?” துரைசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. “அடுத்தவன் மீனை மோந்துகூடப் பாக்காது சாப். என் தட்டுல நான் வச்ச மிச்சம்தான். முன்ன இவதான் அதுல போட்டுச் சாப்பிடுவா. இப்ப இவளுக்கு என் எச்சில் ஆகலையாம். அதுக்கும் வாங்கிக் கட்டிக்கிட்டா. கடைசில, போய்த் தொல, பூனைக்கே வையின்னுட்டேன்!”

சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து, அவன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“உங்க கண்ணு எப்பலேருந்து இப்படி மஞ்சளா இருக்கு?”

“இதுவா... தாரு குடிச்சது...” என்றவன் மனைவியைப் பார்த்தான்.

அவள் பூனையின் கழுத்தைத் தடவி அழுதுகொண்டிருந்தாள். மெல்ல நிமிர்ந்தாள். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, அவன் பார்வைக்கு அவள் தலை குனியவில்லை.

துரைசாமி சட்டைக்கையைச் சுருட்டி, பூனைக்குப் பக்கத்தில் மேஜைமேல் நீட்டினான்.

“டாக்டர் சாப்... என் ரத்தத்தையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்க.”