இடுப்பிலிருந்த பேட்ச்

ஸ்டெய்னா இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பேட்ச் ஒழுங்காக ஒட்டியிருந்தது.

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் ஜனாதிபதியே வந்தாலும், பொது நீச்சல்குளத்தில் இறங்குமுன் எல்லோர் முன்னாலும் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். கூடப்பிறந்தவளிடம் எதையும் மறைக்க அங்கே வழி கிடையாது.

வால்டிஸும் அவளும் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர். ஒருத்தி ரத்தத்தில் இருப்பது மற்றவளிடமும் இருக்கும். அம்மாவும் சித்தியும் மார்புப் புற்றுநோயில் போனவர்கள்.

மரபணுச் சோதனைக்குப் போகச் சொல்லி ஸ்டெய்னாவை விரட்டியவளே வால்டிஸ்தான். ஆனால் கிளம்புகிற அன்று கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுவா இருந்தாலும் எங்கிட்ட மட்டும் சொல்லாதடி. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தாள். மூன்று மாதத்துக்கு முன் முடிவு வந்தது. பொல்லாத மரபணு இருந்தது. மாதவிடாய் நின்றபின் வரும் உடம்புச் சூட்டுக்கு அக்காதங்கை இருவரும் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பேட்ச் புற்றுநோயைத் தூண்டிவிடும் என்று, டாக்டர் அன்றே அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பேட்ச் இல்லாத இடுப்பைப் பார்த்தால் வால்டிஸுக்கு விளங்கிவிடும். அதனால் இருவரும் சேர்ந்து குளத்துக்கு வரும் வியாழக்கிழமைதோறும் ஸ்டெய்னா, குதிகால் கொப்புளத்துக்குப் போடும் பிளாஸ்திரியைச் சதுரமாக வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தாள்.

தன் உடம்பைப் பற்றி அவளுக்கு இப்போது எதுவும் தோன்றுவதில்லை. மார்பை எடுக்கும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தபோதுகூட, பல் பிடுங்க நாள் சொன்னது போலத் தலையாட்டிவிட்டு வந்தாள். வால்டிஸின் இடுப்பில் தெரிந்த பேட்ச்தான் உறுத்தியது. அவள் தெரியாமல் ஆபத்தை ஒட்டிக்கொண்டு திரிகிறாள், நாம் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறோமே என்று இருந்தது. சத்தியம் போனால் போகட்டும், இன்று சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள்.

வெந்நீர்த் தொட்டியில் வாய் வரவில்லை. கொதிக்கிற தொட்டியே கதி என்று கிடக்கும் வால்டிஸ், சூடு தாங்கவில்லை என்று பனிக்காற்றில் விளிம்பிலேயே உட்கார்ந்து, பேரனின் குறும்பைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து குளிக்கும்போது, சோப்பு நுரையோடு ஸ்டெய்னாவின் பிளாஸ்திரி கழன்றது. தரையில் வழுக்கிக்கொண்டு போய் வால்டிஸின் காலடியில் நின்றது.

வால்டிஸ் குனிந்து எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

ஸ்டெய்னாவுக்கு அழுகைகூட வரவில்லை. "மன்னிச்சுக்கடி, வால்டிஸ். உன் பேட்சையும் எடுத்துரு" என்றாள்.

வால்டிஸ் குழாயை மூடினாள். துண்டை எடுத்து ஸ்டெய்னாவின் தோளில் போர்த்தினாள்.

"கொப்புள பிளாஸ்திரி தண்ணியில நிக்காதுடி. நான் ஆறு மாசமா ஒட்டிக்கிட்டு வர்ற பிளாஸ்திரியை வாங்கிக்கோ."