காரணம் என்ற கட்டம்

மாலைச் சட்டக் கல்லூரியில் நேற்று ஒரு விவாதம். குண்டுவெடிப்புச் சந்தேகத்தில் பிடிபட்டவனை அடித்து விசாரிக்கலாமா? அடிக்கலாம் என்று முப்பத்தொரு கைகள் உயர்ந்தன, கூடாது என்று ஆறு. இரண்டு முறையும் நான் கையைத் தூக்கவில்லை. எண்ணிக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பகலில் எனக்கு அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடும் வேலை. இன்று காலை அப்படிப் பிடிபட்ட ஒருவரையே போலீஸார் கூட்டிவந்தார்கள். இரண்டு முன்கைகளும் ஒரே இடத்தில் முறிந்திருந்தன. "பாத்ரூம்ல தொரை வழுக்கி விழுந்துட்டாரும்மா. வழக்கம்போல எழுதிக்க," என்று சிரித்தார் ஏட்டு. "எப்படிண்ணே விழுந்தீங்க?" என்று கட்டுக்காகக் கையை நீட்டியிருந்தவரிடம் கேட்டேன். அவர் ஏட்டைப் பார்த்தார். பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில், 'வழுக்கி விழுந்ததாகச் சொன்னவர் ஏட்டு. கேட்டபோது நோயாளி பதில் சொல்லவில்லை' என்று எழுதினேன். தவறோ என்று ஒருமுறை படித்துப் பார்த்தேன். தவறில்லை. ஏட்டின் சிரிப்பு நின்றது. "மாத்தி எழுதும்மா. வேல வேணாமா உனக்கு?" தன் பேனாவையே நீட்டினார். மாவு காயாத விரல்களால் அதை வாங்கி, அந்த வரிக்குக் கீழே என் முழுப் பெயரை எழுதினேன்.